ஓடிச் சென்று சொல்வதெழுதுதல்: ஆங்கிலப் பாடவேளைக்கு ஒரு செய்முறை

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்தும் எழுதியும் கற்பவர், செய்து கற்பவர் என்ற நான்கு 'கற்றல் பாணி'ப் பிரிவுகளை ஆசிரியர் பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். நியூசிலாந்துக் கல்வியாளர் நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸுடன் சேர்ந்து 1992இல் முன்வைத்த பகுப்பு அது. ஆனால், பிள்ளைகளை அவ்வாறு வகைப்படுத்தி அவரவர் வகைக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்டு பாஷ்லரும் அவருடன் மூன்று உளவியலாளர்களும் 2008இல் எழுதிய மதிப்பாய்வு தெரிவித்தது. எனவே, கண்வழிக் குழு, காதுவழிக் குழு என்று வகுப்பைப் பிரிக்கும் முறையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பாடத்தின் எந்தப் பகுதி எந்தப் புலனைக் கேட்கிறதோ அதை அந்தப் புலனின் வழியே கொடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் எல்லா வழிகளிலும் செலுத்துவதே ஆறாம் வகுப்பில் எனக்குப் பயன்பட்டது. அதற்கு உதவியது ஓடிச் சென்று சொல்வதெழுதுதல்: தொங்கவிட்ட தாளிலுள்ள வாக்கியத்தை ஒரு பிள்ளை ஓடிச் சென்று படித்து வந்து சொல்ல, குழுவில் இன்னொரு பிள்ளை எழுதும்.

முதலில், அடுத்து நடத்தவிருக்கும் பாடத்தை ஒட்டி ஐந்து குறு வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். புதிய சொற்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். அவற்றைப் பழைய மாத நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், சேர்த்தெழுதாமல், தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, வகுப்பின் நான்கைந்து இடங்களில் தொங்கவிடுங்கள். திறன்பலகை இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். திறன்பலகை இருப்பது ஓரிடத்தில். அதன் முன்னே எல்லோரும் கூடிவிட்டால் ஓடுவதற்கு வேலையே இல்லை. செல்லோ டேப் சுவரின் வண்ணத்தை உரித்துவிடுவதால், ஜன்னல் கம்பியில் துணி மாட்டும் கிளிப் கொண்டு மாட்டுவதே எனக்குப் பிடித்த வழி.

அடுத்து, நால்வர் கொண்ட குழுக்களாக அமர்த்துங்கள். ஒருவர் தாளிடம் சென்று வாக்கியத்தை மனத்தில் ஏற்றி வந்து சொல்வார், ஒருவர் எழுதுவார், ஒருவர் அதன் பொருளைச் சிறு படமாக வரைவார், நான்காமவர் எழுதியதைத் திரும்ப வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொறுப்புகள் மாற வேண்டும். நன்றாக வரைகிற பிள்ளையிடமே வரையும் வேலையை நிலையாக விட்டுவிட்டால், அந்தப் பிள்ளை அன்று ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட எழுதியிராது.

இனி வருவதுதான் பலருக்கும் சிக்கும் இடம். வாக்கியம் தாளிலிருந்து குழுவுக்கு வந்து சேர்வதற்குள் சிலவற்றைத் தொலைத்துவிடுகிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ', 'தி' ஆகியவை முதலில் உதிர்கின்றன. தமிழில் அவற்றுக்கு நேரான வழக்கம் இல்லாததால், பொருளை மட்டும் சுமந்து வருகிற பிள்ளைக்கு அவை சுமையாகவே தோன்றுவதில்லை. இதற்கு, வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் அதில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதை விரல்களில் காட்டும்படி விதி வைத்தேன். ஏழு விரல்களைக் காட்டிவிட்டு ஆறு சொற்களைச் சொன்னால், சரிபார்ப்பவரே பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டாவது இழப்பு ஒலியில் நேர்கிறது. மூட்டை கட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் முதுகைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேக்' என்றே அமையும். ஓடி வருகிற பிள்ளை ஒன்றைச் சொல்ல, எழுதுகிற பிள்ளை மற்றொன்றை எழுதும். இந்த இடத்தில் காதை மட்டும் நம்பாமல், விரல் அகலத் தாள் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னே தொங்கவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் சொல்லைக் காற்று வெடிக்கச் சொன்னால் தாள் துள்ளும். இரண்டாவதற்கு அவ்வளவாக அசையாது. தமிழில் 'பல்' என்று சொல்லும்போது அந்தக் காற்று வருவதில்லை என்பதால், ஆசிரியர் முதலில் தாமே மிகைப்படுத்திச் செய்துகாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் பத்து முறை திரும்பச் சொல்ல வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எழுதி முடிந்தபின் வாக்கியங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையில் எழுதி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வையுங்கள். 'ஷீ வாக்ஸ் டு ஸ்கூல்' என்பதில் 'வாக்' ஒரு பிள்ளையிடமும், 'எஸ்' வேறொரு பிள்ளையிடமும் இருக்கட்டும். இதைக் கேள்வியாக்கும்போது 'டூ' என்ற வினைச்சொல் அட்டைக்காரர் முன்னே வந்து நிற்க, 'எஸ்' அட்டைக்காரர் 'வாக்'கை விட்டுவிட்டு ஓடிப்போய் அவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எழுத்துக்கூட்டு சரியாக அமைய, அந்த அட்டையின் பின்பக்கத்தில் 'இ, எஸ்' என இரண்டு எழுத்துகளையும் எழுதிவைத்துத் திருப்பச் சொல்லுங்கள். கேள்வியிலும் வினைச்சொல்லோடு 'எஸ்' சேர்த்து எழுதும் பழக்கம் இந்த ஓட்டத்துக்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. இலக்கணமே இடம்பெயர்கிற இடத்தில்தான் உடலசைவுக்கு வேலை உண்டு; சொற்பட்டியலை மனப்பாடம் செய்யக் குதிக்க வைப்பது வெறும் களைப்பு.

கடைசி ஐந்து நிமிடங்களில் தாள்களைத் திருப்பிவிட்டு, குழு வரைந்த படங்களை மட்டும் பார்த்து ஒவ்வொருவரும் தனியே, பேசாமல் எழுதட்டும்.

காலில் குறைபாடுள்ள பிள்ளைக்குத் தாளை அருகிலேயே மாட்டுங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளைக்குச் சொல்பவர் முகம் தெரியும்படி இடம் கொடுங்கள். இவை உண்மையான தேவைகள். கற்றல் பாணி என்ற பேச்சோடு இவற்றைக் கலக்கக் கூடாது.

பின்சேர்க்கை: இந்த முறையைச் செய்து பார்த்த ஆசிரியர்கள் சொன்ன இரண்டு சிக்கல்களைச் சேர்க்கிறேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு; எழுதுபவரும் வரைபவரும் தவிர மற்றவர்களின் பேனாக்களைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். பென்ச்சுகளை நகர்த்த முடியாத, ஐம்பது பேர் நெருங்கி அமர்ந்த வகுப்பில் ஓடுவதற்கு வழியில்லை. அங்கே தாளைக் கடைசி பென்ச்சில் வைத்து, வாக்கியத்தைக் காதோடு காதாக முதல் பென்ச் வரை அனுப்புங்கள். பின்னிருந்து முன்னே வரும் ஒவ்வொரு வரிசைக்கும் வேறு வாக்கியமாக இருக்கட்டும், இல்லையேல் பக்கத்து வரிசையின் விடைதான் வந்து சேரும்.