நள்ளிரவு இசை நிகழ்ச்சியில் சறுக்கும் இடங்கள்

சமுதாய வானொலியில் பின்னிரவு நேரம் பெரும்பாலும் புதியவர்களின் கைக்குத்தான் வந்து சேரும். “அந்த நேரத்தில் யாரும் கேட்கப்போவதில்லை, உங்கள் இஷ்டம்போல் போடுங்கள்” என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் உள்ளே போனேன். அந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் தப்பு என்று புரியப் பல மாதங்கள் ஆயின.

கேட்க ஆள் உண்டு. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், வண்டி ஓட்டுபவர், காவலாளி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர், படுத்தும் தூக்கம் வராதவர். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பகலில் வேலைக்கு நடுவே காதில் விழுந்து போகிறதே, அந்த மாதிரி இல்லை. இவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். பேச்சுத் துணைக்கு வேறு ஆள் இல்லாத நேரம் அது. நம் இஷ்டம்போல் போடலாம் என்ற பாதியில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

பலவகை இசை என்று பெயர் வைத்ததும் முதலில் வரும் ஆசை, நம் சேகரிப்பு எவ்வளவு பெரிது என்று காட்டுவது. ஒரு போர்த்துக்கீசிய ஃபாடோ, அடுத்தது டெத் மெட்டல், அடுத்தது இந்தோனேசியாவின் கமேலான், அப்புறம் ஒரு டெக்னோ. தாளில் எழுதிப் பார்த்தால் பிரமாதமாகத் தெரியும். காதில் விழும்போதோ, யாரோ ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். கதம்பத்தில் பூ எத்தனை வகையானாலும் நார் ஒன்றுதான். நிகழ்ச்சியில் அந்த நாரை நாம்தான் திரிக்க வேண்டும்.

அது பல மாதிரி அமையும். ஒரு பாட்டு தனிக் குழலில் முடிகிறதா, அடுத்தது வேறொரு கண்டத்துக் குழலில் தொடங்கட்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் நரம்பு வாத்தியமான கோராவுக்கும் அயர்லாந்தின் ஹார்ப்புக்கும் நடுவே ஒரு சொல்லும் பேச வேண்டாம். இரண்டிலும் விரல் நரம்பை மீட்டுவது நேயருக்கே கேட்கும். ஜமைக்காவின் டப் இசையில் வரும் எதிரொலி பின்னால் வந்த மின்னணு இசையில் எத்தனையோ இடங்களில் கேட்கும். அந்த எதிரொலியைப் பிடித்துக்கொண்டே 1970-களிலிருந்து இன்றைக்கு வந்துவிடலாம். ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், இருக்கவே இருக்கிறது வேகம். தாளம் ஒத்துப்போனால் மொழியும் நாடும் மாறுவதைக் காது பொருட்படுத்தாது.

இங்கே நான் வெகுகாலம் செய்த தவறு, பாட்டுகளை முழுசாகக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்தது. இடறுவது பாட்டின் நடுவில் இல்லையே. இப்போதெல்லாம் ஒரு பாட்டின் கடைசி 20 வினாடியையும் அடுத்ததன் முதல் 20 வினாடியையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கிறேன். 40 வினாடிச் சோதனை, அவ்வளவுதான். அதில் தேறாத ஜோடியைப் பிரித்துவிடுகிறேன், இரண்டும் எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் சரி.

அதற்காக எல்லாவற்றையும் வழவழவென்று இழைத்துவிடவும் கூடாது. நள்ளிரவு என்றாலே மெல்லிசைதான் என்று நினைத்து இரண்டு மணி நேரமும் தாலாட்டுப் பாடுபவர்கள் உண்டு. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரை நினைத்துப் பாருங்கள், அவர் தூங்கிவிடக் கூடாது! ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு முறை ஆளை நிமிர்ந்து உட்கார வைக்கும் திருப்பம் வேண்டும். ஆனால் மெல்லிய இசை முடிந்த கையோடு சட்டென்று அங்கே பாய வேண்டாம். நடுவில் இரண்டு வாக்கியம் பேசினால் போதும், காது தயாராகிவிடும். நம் குரலே நல்ல பாலம் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை.

அப்புறம், யாருக்கும் தெரியாததை மட்டுமே போடுவேன் என்கிற வீம்பு. அறியாத ஊரில் நடக்கிறவருக்கு அவ்வப்போது தெரிந்த முகம் ஒன்று தென்பட வேண்டும். நான்கைந்து புதுப் பாட்டுக்கு ஒன்று பழகியதாக இருந்தால் நேயர் அடுத்த நான்கையும் நம்பிக் கேட்பார். இது என் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கலாம்.

உரப்பும் மௌனமும்

காதில் இயர்ஃபோனோடு பாதித் தூக்கத்தில் இருப்பவர் மேல் செய்யும் பெரிய கொடுமை, அடுத்த பாட்டு திடீரென்று இரண்டு மடங்கு உரக்க வருவது. பல காலத்துப் பதிவுகளைக் கலக்கும் நிகழ்ச்சியில் இது தப்பாமல் நடக்கும். பழைய பதிவுகளில் மெல்லிய இடமும் உரத்த இடமும் விலகி நிற்கும். 1990-களுக்குப் பின் வந்த குறுந்தகடுகள் பலவற்றில் எல்லாவற்றையும் நெருக்கி மேலே ஏற்றியிருப்பார்கள். மீட்டரின் முள் இரண்டிலும் ஒரே உச்சத்தைத் தொடும், காதுக்கு மட்டும் ஒன்றாக இராது. இதற்காகத்தான் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் ஆர்128 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்தது: உச்சத்தை மட்டும் நம்பாமல் நிகழ்ச்சி முழுவதன் சராசரி உரப்பையும் அளந்து, மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவில் வைக்கச் சொன்னது. உங்கள் நிலையத்தில் வேறு இலக்கு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அளவுமானி இல்லையென்றால் உங்கள் பேச்சுக் குரலை அளவுகோலாக வையுங்கள். பேசி முடித்து ஃபேடரை, அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் பிடியை, ஏற்றும்போது பாட்டு உங்கள் குரலின் மேல் குதிக்கக் கூடாது.

மௌனத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பல நிலையங்களில் மௌனத்தைக் கண்டறியும் கருவி வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட வினாடிகளுக்கு மேல் ஒலி வராவிட்டால், ஒலிபரப்பு அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு தானாகவே மாற்றுப் பாடல்களை ஓட்டிவிடும். மிக மெல்லத் தொடங்கும் ஆம்பியன்ட் (பின்னணிச் சூழல்போல் பரவும்) இசையும் அதற்கு மௌனம்தான். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4 நிமிடம் 33 வினாடி மௌனப் படைப்பை 2004-இல் பிபிசி ரேடியோ 3 ஒலிபரப்பியபோது, அந்த அவசர ஏற்பாட்டை முன்கூட்டியே அணைத்துவைக்க வேண்டியிருந்தது. உங்கள் நிலையத்தில் அது எத்தனை வினாடி பொறுக்கும் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

ஒலி பற்றி இன்னும் ஒன்று. ஸ்டூடியோவில் இரண்டு ஸ்பீக்கர் நடுவே உட்கார்ந்து கேட்கிறோம். சிறிய ரேடியோக்களில் பலவற்றுக்கு ஒரே ஸ்பீக்கர். சிக்னல் பலவீனமான இடத்தில் நல்ல எஃப்எம் கருவியும் மோனோவுக்கு, அதாவது இடதும் வலதும் ஒன்றாகக் கலந்த ஒலிக்கு, இறங்கிவிடும். இசைத்தட்டை ஓட்டும் டர்ன்டேபிளின் ஒரு பக்க ஒயர் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால் ஸ்டீரியோவில் ஏதோ கொஞ்சம் விசித்திரமாக ஒலிக்கும், அவ்வளவே. மோனோவிலோ இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நடுவில் இருக்கிற பாடகர் குரலே காணாமல் போய்விடும். ஒலிகளைக் கலக்கும் கன்சோலில் மோனோ பொத்தான் இருந்தால் நிகழ்ச்சிக்கு முன் ஒருமுறை அழுத்திக் கேளுங்கள்.

மைக் முன்னால்

இரவு நேரத்தில் எல்லோருக்கும் குரல் தானாகத் தாழும், மைக்கை நெருங்கி உட்காருவார்கள். ஒருதிசை மைக்குகளில் (முன்னிருந்து வரும் ஒலியை அதிகம் எடுப்பவை) வாய் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதி தடித்துக்கொண்டே போகும். நமக்கு ஹெட்ஃபோனில் அது கம்பீரமாகப் படும். வெளியே, குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். ஒரு சாண் தூரம் விட்டு, முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் ‘ப’ வரும் இடத்தில் காற்று வெடிப்பதும் நின்றுவிடும்.

“அன்பார்ந்த நேயர்களே, அனைவருக்கும் வணக்கம்” என்று மேடைப் பேச்சைத் தொடங்குவது அந்த நேரத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. கேட்பவர் கூட்டமாக இல்லை, தனியாக இருக்கிறார். ‘உங்களில் பலர்’ என்பதை ‘நீங்கள்’ என்று மாற்றினாலே பாதிச் செயற்கை போய்விடும். “யாராவது கேட்கிறீர்களா? ஒரு மெசேஜ் போடுங்களேன்” என்று கெஞ்சுவது இன்னும் மோசம். அந்த நேரத்தில் போனைத் தேடி எடுத்துத் தட்டச்சு செய்ய யாருக்கும் மனம் வராது. செய்தி வராததை வைத்து ஆள் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பாடல் விவரத்தில் இரண்டு வகைத் தவறு. ஒன்று, ஆறு பாட்டைத் தொடர்ந்து ஓட்டிவிட்டுக் கடைசியில் ஆறு பெயரையும் ஒப்பிப்பது. மூன்றாவதாக வந்த பாட்டு மனதைத் தைத்திருந்தால், அது எது என்று நேயர் எண்ணிக்கொண்டா இருப்பார்? இரண்டு மூன்றுக்கு ஒருமுறை நின்று சொல்லுங்கள், கேட்டறியாத பெயரை இரண்டு தடவை சொல்லுங்கள். இன்னொன்று, இணையத்தில் கிடைத்த வாழ்க்கை வரலாற்றை மூச்சுவிடாமல் வாசிப்பது. பிறந்த ஆண்டும் வாங்கிய விருதும் காதில் தங்காது. “பின்னணியில் நாற்காலி கிரீச்சிடுவதைக் கவனியுங்கள்” என்று ஒன்றைச் சுட்டிக்காட்டினால், அடுத்த நான்கு நிமிடமும் நேயர் உங்களோடு இருப்பார்.

வேற்றுமொழிப் பெயர்களின் உச்சரிப்பை, அந்தக் கலைஞரே தன் பெயரைச் சொல்லும் பேட்டி கிடைத்தால் கேட்டுப் பழகுங்கள். மொழி தெரியாத பாட்டு என்றால் வரிகளின் பொருளையும் பார்த்துவிடுங்கள். இனிமையான மெட்டுக்குள் வசை இருக்கலாம். நள்ளிரவுக்குச் சில நாடுகளில் சலுகை உண்டு; அமெரிக்காவில் ஆபாசச் சாயல் கொண்ட நிகழ்ச்சிகளுக்கான கட்டுப்பாடு இரவு 10 முதல் காலை 6 வரை தளர்கிறது. ஆனாலும் தெரிந்து போடுவது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

சில்லறை விபத்துகள்

போனை ப்ளூடூத்தில் இணைத்துப் பாட்டுப் போடாதீர்கள். அழைப்பு வரும், அலாரம் அடிக்கும், இணையத் தளத்திலிருந்து ஓட்டினால் விளம்பரம் பாயும். கோப்பாக இறக்கி, ஒரு நகல் வேறு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். வினைல் என்றால் 33⅓ வேகத் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 வினாடி ஆகும்; பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து கால் சுற்றுப் பின்னால் தள்ளி நிறுத்தினால், தட்டு வேகம் பிடிக்க ஏறக்குறைய அரை வினாடி கிடைக்கும். அதைச் செய்யாவிட்டால் முதல் சுரம் முனகிக்கொண்டே எழும்.

தேதிக் குழப்பம் நள்ளிரவுக்கே உரியது. “வெள்ளி இரவு 12 மணி” என்று அறிவிப்பில் போட்டால் பாதிப் பேர் ஒரு நாள் தள்ளி வருவார்கள். “வெள்ளி முடிந்து சனி பிறக்கும்போது” என்று சொல்லிப் பழகுங்கள். தானியங்கி அட்டவணையிலும் இதே பிழை நுழைவதுண்டு.

எழுத்து வேலை என்று நினைத்துப் பாடல் பதிவேட்டைத் தட்டிக்கழிக்கிறார்கள். ஒலிபரப்பு உரிமைத்தொகையைப் பங்கிட அந்தப் பதிவேடுகள்தான் பல இடங்களில் ஆதாரம். நாம் போடுவதோ அதிகம் அறியப்படாதவர்களின் இசை. பாடியவர், இயற்றியவர், வெளியிட்ட நிறுவனம், கால அளவு ஆகியவற்றை நாம் எழுதாவிட்டால் அவர்களுக்குச் சேர வேண்டியது வேறெங்கோ போகும். ஒரே கலைஞருக்கு முழு இரவையும் ஒதுக்குமுன் உரிம விதியையும் பாருங்கள். அமெரிக்காவில் இணைய ஒலிபரப்புக்கான சட்டபூர்வ உரிமத்தின்படி 3 மணி நேரத்துக்குள் ஒரே கலைஞரின் பாடல்கள் 4-க்கு மேல் போகக் கூடாது. அவற்றிலும் தொடர்ச்சியாக 3-க்கு மேல் கூடாது.

எவ்வளவு பார்த்தாலும் பிழை நேரும். நேர்ந்த பிறகு செய்யும் தவறுதான் கேட்கச் சகிக்காது: மூன்று நிமிட மன்னிப்பு, பதற்றச் சிரிப்பு, அடுத்த பாட்டிலும் அதையே நினைவூட்டுவது. 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை பிபிசி ரேடியோ 1-இல் பங்க், ரெகே என்று எதையும் எதனோடும் கலந்து ஒலிபரப்பிய ஜான் பீல், இசைத்தட்டைத் தவறான வேகத்தில் ஓட்டிவிடுவதற்கும் பெயர்போனவர். நேயர்கள் அதற்காக அவரை விட்டுப் போகவில்லை. “வேகம் தப்பிவிட்டது, இதோ சரியாக” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடிக்கும் நேரம்

சரியாக 2 மணிக்கு, ஆளில்லாமல் பாட்டுகளை ஓட்டும் தானியங்கி எடுத்துக்கொள்ளும் என்றால், கடைசிப் பாட்டு நடுவில் வெட்டுப்படும் ஆபத்து இருக்கிறது. கடைசிப் பாட்டை வாத்திய இசையாக வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அது 5 நிமிடம் 20 வினாடி என்றால், 1:54:40-க்கு ஃபேடரை மூடிவைத்தபடியே ஓடவிட வேண்டும். அப்போது ஒலிபரப்பில் வேறு பாட்டோ உங்கள் பேச்சோ போய்க்கொண்டிருக்கலாம். பேசி முடித்ததும் ஃபேடரை ஏற்றினால், அது எங்கிருந்து ஏறினாலும் 2:00:00-க்குத் தானே முடியும். பாடல் வரி இல்லாததால் நடுவில் நுழைந்தது யாருக்கும் தெரியாது.

ஆரம்ப நாட்களில் ஒருமுறை இதையெல்லாம் கச்சிதமாகச் செய்துவிட்டு, பெருமையோடு நாற்காலியைத் தள்ளி எழுந்தேன். தானியங்கியின் முதல் பாட்டு ஓட, நான் அதன்மேல் கொட்டாவி விட்டு, பையைத் திறந்து, சாவியைத் தேடி, காணவில்லையே என்று உரக்கப் புலம்பியதும் சேர்ந்தே ஒலிபரப்பானது. மைக் ஃபேடர் மேலேயே இருந்திருக்கிறது. மறுநாள் நிலையத்துக்கு ஒரு செய்தி வந்தது. எனக்கு வந்த முதல் நேயர் செய்தி அது: “சாவி கிடைத்ததா?”