கல்மூங்கிலில் தூண்டிற்கோல் செய்யும் முறை

குளக்கரையிலும் வாய்க்கால் மதகிலும் உட்கார்ந்து கெண்டைக்கும் ஜிலேபிக்கும் காத்திருப்பவருக்குக் கடையில் விற்கும் கண்ணாடி இழைக் கோலும் நரம்பு என்னும் நைலான் தூண்டில் இழையைச் சுற்றும் உருளையும் தேவையே இல்லை. பக்குவமாக உலர்த்திய ஒரு மூங்கில் கழி போதும். வீட்டில் செய்யும் கோல்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது கட்டும் வேலையில் அன்று. கழியைத் தேர்ந்தெடுப்பதிலும் அதை உலரவிடும் பொறுமையிலும்தான். ஆகையால் அவ்விரண்டையும் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் ஏணிக்கும் பந்தலுக்கும் பயன்படும் பொந்து மூங்கில் தூண்டிலுக்கு ஏற்றதன்று. அது பருமனாகவும் உள்ளே கூடாகவும் இருப்பதால், நுனியில் மீன் இழுக்கும்போது வளையாமல் பிளந்துவிடும். கல்மூங்கில் என்று அழைக்கப்படும் கெட்டியான வகையே தேவை. அதிலும் வறண்ட மேட்டு நிலத்தில் வளர்ந்த கழிகள் ஏறத்தாழ முழுவதும் கெட்டியாக இருக்கும். நீர்வளம் மிகுந்த இடத்தில் வளர்ந்தவற்றில் அதே வகையிலும் சற்றுப் பொந்து விழுந்திருக்கும். காட்டு மூங்கிலை வனத்துறையின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில், 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்திய வனச் சட்டத்தின்படி மரம் என்ற வரையறைக்குள் வருவதில்லை. தோட்டத்தில் புதர் வைத்திருப்பவரிடமோ கழி விற்கும் கடையிலோ கேட்டு வாங்குவதே நல்லது.

கழியின் வயது முக்கியம். கணுக்களில் பாளை இன்னும் ஒட்டியிருந்து, தோல் பளபளவென்று பச்சையாக இருந்தால் அது இளங்கழி. உலரும்போது சுருங்கிக் கோணிவிடும். தோல் மங்கி, ஆங்காங்கே வெண்புள்ளிகள் படர்ந்திருக்கும் மூன்றாண்டுக் கழியையே எடுக்க வேண்டும். 10 முதல் 12 அடி நீளம், அடியில் கட்டைவிரல் பருமன், நுனியில் பேனாக்குச்சி அளவு என்று சீராகச் சிறுத்து வருவதே சரியான வடிவம். வெட்டுவதற்கு மழை ஓய்ந்த பிறகு வரும் வறண்ட மாதங்களே உகந்தவை. தளிர் விடும் காலத்துக்கு முன்னர் கழியில் மாவுச்சத்து மிகுந்திருந்தால், அதைத் தேடி வரும் வண்டு துளைத்து உளுத்துப்போகச் செய்யும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை நம்பிக்கொண்டு உட்காராமல், வெட்டிய கழியை இரண்டு வாரம் குளத்து நீரில் அமிழ்த்தி வைக்கிறேன். சத்து கரைந்து வெளியேறுவதால் வண்டு அவ்வளவாக அண்டுவதில்லை.

நீரிலிருந்து எடுத்த கழியைச் சுவரில் சாய்த்து வைக்கக்கூடாது. அவ்வாறு வைத்துத்தான் என் முதல் கோல் வில்லாக வளைந்து, கடைசியில் துணி உலர்த்தும் கொம்பாகப் போயிற்று. அடிப்பக்கத்தை உத்தரத்தில் கட்டி, நுனி கீழே தொங்கும்படி விட்டு, நுனியில் ஒரு செங்கல்லைக் கட்டி, நிழலில் ஆறு வாரமாவது உலரவிட வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் முந்தி உலர்ந்து வெடித்துவிடும். பச்சை மறைந்து வைக்கோல் நிறம் வந்து, எடை நன்றாகக் குறைந்து, தட்டினால் கணீரென்று ஒலித்தால் கழி பக்குவமாகிவிட்டது.

பிறகு கணுக்களில் துருத்தும் கிளை முளைகளைக் கூரிய கத்தியால் நறுக்கி, உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால் தோலைச் சீவக்கூடாது. மூங்கிலின் நார்கள் வெளிப்புறத்தில்தான் நெருக்கமாக அமைந்திருப்பதால், அழகுக்காகத் தோலைச் சீவுபவர் கோலின் வலுவையே சீவி எறிகிறார். கோணல் இருக்கும் இடத்தைச் சிறு தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உருட்டி உருட்டிக் காட்டினால், எண்ணெய் கசிவதுபோல் தோல் மினுங்கும். அப்பொழுது முழங்காலில் வைத்து மெல்ல எதிர்ப்புறமாக வளைத்துப் பிடித்து, ஈரத்துணியால் ஆற்றினால் அந்த நிமிர்வு அப்படியே நிற்கும். கழியில் பொந்து இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெடிக்கக்கூடும் என்பதால், முகத்தை விலக்கி வைத்துக்கொள்வது நல்லது. இறுதியாக ஆளி எண்ணெயோ வார்னிஷோ இரண்டு பூச்சு பூசி உலர்த்த வேண்டும்.

நரம்பைக் கட்டுவதில் பலர் செய்யும் பிழை, நுனியில் மட்டும் முடிச்சுப் போடுவது. நுனி முறிந்தால் மீனும் நரம்பும் சேர்ந்து போய்விடும். நரம்பைக் கோலின் நடுப்பகுதியில் முதலில் கட்டி, அங்கிருந்து இரண்டு மூன்று இடங்களில் நூலால் இறுக்கிக்கொண்டு நுனிவரை கொண்டுவந்து, நுனியில் மறுபடியும் கட்ட வேண்டும். நூல் கட்டுக்கு ஆணியோ துளையோ வேண்டாம். இரண்டும் பிளவுக்கு வழி. நூலின் ஒரு முனையைக் கோலின் நீளவாக்கில் வளையமாக மடித்து வைத்து, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிவந்து, கடைசி முனையை வளையத்துக்குள் நுழைத்து, மறுமுனையை இழுத்தால் முடிச்சு சுற்றுக்கு அடியில் புதைந்துவிடும்.

நுனியிலிருந்து தொங்கும் நரம்பு கோலின் நீளத்துக்குச் சமமாகவோ அரை அடி குறைவாகவோ இருந்தால், மீனைத் தூக்கும்போது நேராகக் கைக்கு வந்து சேரும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் 0.25 மில்லிமீட்டர் கனமுள்ள தங்கூசு (நைலான்) நரம்பு போதும், விராலுக்கு 0.40க்குக் குறையக்கூடாது. தூண்டில் முள்ளில் எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதைக் கடையில் மறந்துவிடக்கூடாது. சிறு மீனுக்கு 8 அல்லது 10ஆம் எண் பொருந்தும். காதில்லாமல் தட்டைத் தலையுடன் வரும் முள்ளில், நரம்பைத் தண்டின்மேல் ஆறேழு சுற்றுச் சுற்றி இறுக்கி, அது முள்ளின் கூர் இருக்கும் பக்கமாக வெளியேறும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே சிறு ஈயத்துண்டைக் கடித்து நசுக்காமல் குறட்டால் நசுக்கிப் பொருத்துங்கள், ஈயம் நஞ்சு. தக்கைக்கு உதிர்ந்த மயிலிறகின் தண்டோ பழைய ரப்பர் செருப்பின் துண்டோ போதும். ஈயத்தின் எடையில் தக்கை பாதி அமிழ்ந்து நின்றால்தான் மீன் இரையைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும்.

நீரில் இறக்குவதற்கு முன் அரை கிலோ எடையை நரம்பில் கட்டித் தூக்கிப் பாருங்கள். நுனியிலிருந்து நடுப்பகுதிவரை கோல் ஒரே சீராக வளைய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடிந்தால் அங்கே கணு பழுதுபட்டிருக்கிறது. கரையில் மின்கம்பி செல்லும் இடத்தில் 12 அடிக் கோலை நிமிர்த்தவே கூடாது. ஈரமான மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். வீடு திரும்பியதும் துடைத்து, உலர்த்தியபோது தொங்கவிட்டதைப் போலவே மறுபடியும் நுனி கீழாகத் தொங்கவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசி வர வேண்டும்.