குறைந்த பணத்தில் கலர் பால் பைத்தான்: தர்மபுரி, ஓசூர் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர் எடுத்தவுடன் கேட்பது "குட்டி என்ன ரேட்?" என்றுதான். ரேட்டைப் பேசிக் குறைத்துவிட்டால் செலவும் குறைந்துவிட்டதாக ஒரு நினைப்பு. மற்றவர் சொல்லும் விலையில் பாதிக்கு ஒரு கலர் குட்டி கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பேப்பர் இல்லை, ஜீன் உறுதியில்லை, உடம்பு சரியில்லை. சில நேரம் மூன்றும் ஒரே டப்பாவில் வந்து சேரும்.

பேப்பரில் மிச்சம் பிடிப்பது

இந்தப் பாம்பின் சொந்த மண் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகச் சந்தைக்கு அதிகம் போனது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2022 திருத்தத்துக்குப் பிறகு நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். புதிதாக வாங்கினால் கைக்கு வந்த 30 நாளுக்குள். குட்டி பொரித்தாலும், பாம்பு செத்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவு போய்ச் சேரும் இடம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகம்.

"2020 ஸ்கீம்ல போட்டுக்கலாம் ப்ரோ, பேப்பரே வேணாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தானாக முன்வந்து அறிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்று மத்திய அரசு அப்போது சொன்னது உண்மை. அது குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அந்தக் கதவு 2021-லேயே மூடிவிட்டது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிடித்துத் திருப்பி அனுப்பிய செய்தி பல தடவை வந்திருக்கிறது. பிடிபடாமல் தப்பி வந்த பெட்டியிலிருந்துதான் பாதி விலைக் குட்டி வருகிறதா என்பதை யோசிக்க வேண்டியது வாங்குபவர். விற்பவர் பெயரில் உள்ள பதிவு, அதில் இருக்கும் பாம்புதான் இது என்று காட்டும் படம், உங்கள் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம் ஆகிய மூன்றும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முன்பணம் வாங்கியதும் நம்பரை மாற்றிவிடுகிறவர்களும் இதே இடத்தில்தான் காணாமல் போகிறார்கள்.

ஒரு கிளைச் செய்தி. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் காட்டோரங்களில் நம் ஊர் மலைப்பாம்பு உண்டு. அது முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். "இதுவும் பைத்தான்தானே" என்று வயலில் கிடைத்ததைத் தூக்கி வந்து வைப்பது நேராகச் சிறைக்குப் போகும் வழி. அதே மாதிரி, வளர்க்க முடியாமல் போன பால் பைத்தானைக் காவிரிக் கரைக் காட்டில் விட்டுவிடுவதும் கூடாது. நோயோடு போய் அங்கிருக்கும் பாம்புகளுக்கு ஒட்டவைக்கும்.

"ஹெட்" என்ற இரண்டெழுத்துக்குக் கொடுக்கும் காசு

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். அல்பினோ, பைட், கிளவுன் என்ற நிற வகைகள் மூன்றும் ஒடுங்கு ஜீன்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரே பிரதி இருந்தால் பாம்பு சாதாரணமாகத்தான் இருக்கும். அதைத்தான் ஹெட் என்கிறார்கள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விற்பவர் வாயை நம்பித்தான் வாங்க வேண்டும், அல்லது அதன் பெற்றோரின் படமும் முட்டையிட்ட பதிவும் கேட்க வேண்டும்.

"66 சதவீத ஹெட், ஜோடியா எடுத்தா கம்மி" என்று ஒரு பேரம் அடிக்கடி வரும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்து போட்ட குட்டிகளில் சாதாரணமாகத் தெரிபவற்றில் மூன்றில் இரண்டு ஜீனைச் சுமக்கும், அதனால் 66. அப்படி இரண்டு வாங்கினால் இரண்டுமே உண்மையில் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு ஒன்பதில் நான்கு, அதாவது 44 சதவீதம். இரண்டும் ஹெட் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முட்டையிலும் நிறம் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஆறு முட்டை வைத்தால் ஒன்றுகூட நிறமாக வராமல் போக 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எல்லாம் சேர்த்தால், முதல் ஈட்டில், அதாவது முதல் முறை வைக்கும் முட்டைகளில், ஒரு அல்பினோவாவது பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவீதம். பெட்டை பருவத்துக்கு வர மூன்று வருஷம். மூன்று வருஷம் சோறு போட்டுவிட்டு மூன்றில் இரண்டு பங்கு ஏமாற்றத்துக்குத் தயாராக வேண்டும். அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு நிஜ அல்பினோ ஆணை வாங்கியிருக்கலாம்.

ஏன் ஆண்? ஆண் 600, 700 கிராம் வந்ததும் ஒன்று, ஒன்றரை வயதிலேயே தயாராகிவிடும். ஒரே ஆணை இரண்டு மூன்று பெட்டைகளுடன் சேர்க்கலாம். பெட்டைக்கு 1500 கிராமாவது வேண்டும், சில வருஷம் முட்டையே வைக்காமல் தாண்டிவிடும், வைத்தாலும் பெரும்பாலும் நாலு முதல் ஆறு முட்டைதான். விலை உயர்ந்த ஜீனைப் பெட்டையில் போட்டு முடக்குவது கையில் காசு குறைவாக உள்ளவருக்கு ஒத்துவராது. பெட்டை சாதாரண நிறமாக, வயிறு நிறையத் தின்று வளர்ந்ததாக இருந்தால் போதும். ஆனால் அல்பினோ ஆணோடு சேர்த்தால் முதல் ஈட்டுக் குட்டிகள் எல்லாம் ஹெட்தான், நிறம் தெரியாது.

இன்னும் சிக்கனமாகப் போக நினைத்தால் ஒடுங்கு ஜீன் பக்கமே முதலில் போக வேண்டாம் என்பது என் கருத்து. பாஸ்டல், மொஜாவே, லெஸ்ஸர் போன்றவற்றில் ஒரு பிரதி இருந்தாலே நிறம் தெரியும். பாஸ்டல் ஆணைச் சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால் முதல் ஈட்டிலேயே சராசரியாகப் பாதிக் குட்டிகள் பாஸ்டல். மொஜாவேவையும் லெஸ்ஸரையும் சேர்த்தால் நாலில் ஒன்று வெள்ளை உடம்பும் நீலக் கண்ணுமாக வரும். எல்லாரும் ஆசைப்படும் அந்த வெள்ளைப் பாம்புக்கு அரிய ஜீன் எதுவும் தேவையில்லை. கண்டுகொள்ளாமல் விடப்படும் இரண்டு மார்ஃப் (நிற வகை) போதும்.

பனானா என்ற நிற வகையில் ஒரு வினோதம் உண்டு. அந்த ஜீன், ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து அதைப் பெற்ற ஆண் போடும் பனானாக் குட்டிகள் பெரும்பாலும் ஆணாகவே இருக்கும். அம்மாவிடமிருந்து பெற்ற ஆண் என்றால் பெரும்பாலும் பெட்டை. "இந்த ஆணுக்கு பனானா யார் வழியில் வந்தது?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரியாத விற்பனையாளரிடம் அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

"ஜோடி" என்று விற்கப்படுபவை அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம், இரண்டும் பெட்டையாகவும் இருக்கலாம். வால் நீளத்தைப் பார்த்து ஆண் பெண் சொல்வதை நம்பாதீர்கள். குட்டியில் அனுபவசாலி வாலடியை அழுத்திப் பார்க்க வேண்டும், பெரியதில் மழுங்கிய கம்பி விட்டு அளக்க வேண்டும். தெரியாதவர் இதைச் செய்தால் பாம்புக்கு நிரந்தரக் காயம்.

அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம்

ஸ்பைடர் மார்ஃப் குறைந்த விலையில் எளிதாகக் கிடைக்கும், வடிவமும் அள்ளும். ஆனால் அந்த ஜீனோடு உட்காதுக் கோளாறு சேர்ந்தே வருகிறது. தலை ஆடும், இரையைக் குறி தவறும், மோசமானவை தலைகீழாகத் திருகிக்கொள்ளும். "எங்க லைன்ல ஆட்டமே இல்லை" என்பது விற்பனைப் பேச்சு. அளவு மாறும், இல்லாமல் போகாது. ஷாம்பெய்ன், வோமா ஜீன்களிலும் இதே பிரச்சினை. சினமன் இரண்டு பிரதியாகச் சேர்ந்தால் முதுகெலும்பு வளைவும் வாத்து மூக்கும் வரலாம். கேரமல் அல்பினோவிலும் முதுகு வளைவு அடிக்கடி வரும். டெசர்ட் பெட்டைகள் முட்டையிட முடியாமல் திணறும். குறையோடு பிறந்த குட்டியைக் கடைசிவரை வைத்திருக்க இடமில்லாதவர் இந்த ஜீன்களைச் சேர்க்கவே கூடாது.

நம் ஊர் வெயிலும் ஓசூர்க் குளிரும்

வெளிநாட்டு வீடியோ பார்த்து முதல் நாளே ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வாங்குகிறார்கள். பாம்புக்குத் தேவை சூடான மூலையில் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. தர்மபுரியில் ஏப்ரல், மே மதியம் வெளியே 38, 40 போகும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் எவ்வளவு இருக்கும்? அங்கே பாம்பைக் கொல்வது குளிரல்ல. மார்ச் முதல் ஜூன் வரை தரைத்தளத்தில் கான்கிரீட் அறை கிடைக்காவிட்டால் பாம்பு வாங்குவதைத் தள்ளிப்போடலாம். ஓசூரில் கதை தலைகீழ்: டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 15 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். மேட் வேண்டும், சூட்டை அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும். பால் பைத்தான் சூடு தாங்காமல் நகர்ந்துபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதன் சென்சாரைப் பாம்பு இருக்கும் டப்புக்கும் மேட்டுக்கும் நடுவில் வையுங்கள். பாம்பு விலையைவிடத் தெர்மோஸ்டாட் விலையில் பேரம் பேசாமல் இருப்பது நல்லது.

முட்டை விஷயத்தில் நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. நாட்டுக்கோழிக்கு வைத்திருக்கும் இன்குபேட்டர் சும்மா இருக்கிறதே என்று அதில் பாம்பு முட்டையை வைத்துவிடுவது. அது ஓடுவது 37.5 டிகிரியில், பாம்பு முட்டைக்கு 31 முதல் 32 தான். அதோடு அந்தத் தட்டு மணிக்கொரு தரம் முட்டையைச் சாய்க்கும். கோழிக் கருவுக்கு அது வேண்டும். பாம்புக் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதால், புரட்டினால் மூழ்கிச் சாகும். பென்சிலால் மேற்பக்கத்தில் புள்ளி வைத்து, எடுத்த நிலையிலேயே ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) வையுங்கள். ஒரு தெர்மோகோல் பெட்டி, கொஞ்சம் தண்ணீர்ப் பாட்டில், தெர்மோஸ்டாட், சின்ன ஹீட் மேட் போதும். 55 முதல் 60 நாள். நடுவில் கரண்ட் போனால் பாட்டில் தண்ணீர் சூட்டைப் பிடித்துவைக்கும். நீண்ட நேரம் போகும் ஊரில் இன்வெர்ட்டர் லைனில் இணைத்துவிடுங்கள்.

தீனி, நோய்

கடலைக்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் பிடித்த எலி இலவசம்தான். துத்தநாக பாஸ்பைடு என்ற எலி விஷம் தின்ற எலி எது, தின்னாதது எது என்று முகத்தில் எழுதியிருக்காது. விலை கொடுத்து வளர்ப்பு எலியை வாங்கி, கொன்று, உறைய வைத்து, வெந்நீரில் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து போடுங்கள். உயிருள்ள பெரிய எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பாம்பின் முதுகுதான் கடிபட்டிருக்கும். குளிர்காலத்தில் பெரிய பாம்பு மாதக்கணக்கில் தின்னாமல் இருப்பது வழக்கம். எடை குறையாதவரை வாயைப் பிளந்து ஊட்ட வேண்டாம்.

புதிதாக வந்ததை மூன்று மாதம் வேறு அறையில், வெள்ளைப் பேப்பர் டவல் மேல் வையுங்கள். பேன் கறுப்புப் புள்ளியாக அதில் தெரியும். மூச்சில் சத்தம், வாயில் கோழை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊரில் மாட்டு டாக்டர் உண்டு, பாம்பு பார்ப்பவர் அபூர்வம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லாவிட்டால் பெங்களூரு. வாங்குவதற்கு முன்பே போன் செய்து ஊர்வன பார்ப்பார்களா என்று கேட்டுவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

குட்டி பொரித்த பிறகு

ஜோடி சேர்ப்பதற்கு முன்பே மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, பிறப்பைப் பதியவும் விற்கவும் என்ன வேண்டும் என்று பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொடர்ந்து விற்பதாக இருந்தால் 2018 செல்லப் பிராணிக் கடை விதிகளும் குறுக்கே வரும். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுவது நல்லது. டப் மூடி திறந்து ஒரு குட்டி தெருவுக்குப் போனால், நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் தெரு கம்பை எடுக்கும் என்று நினைக்காதீர்கள்.

பொரித்த குட்டி ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் தின்ன ஆரம்பிக்கும். தானாக மூன்று நாலு தடவை தின்ற குட்டியைத்தான் கைமாற்ற வேண்டும். அதற்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். அதுவரை ஒவ்வொன்றுக்கும் தனி டப், தனித் தண்ணீர்க் கிண்ணம், தேதியும் எடையும் எழுதிய சீட்டு. ஆறு குட்டிக்கும் இடமும் எலியும் வாங்குபவரும் இப்போதே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், இந்த வருஷம் ஆணையும் பெட்டையையும் தனித்தனியாகவே வைத்திருங்கள்.