பூட்டிய அறையை ஏலம் எடுக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வாடகை கட்டாமல் விட்ட ஸ்டோரேஜ் அறையில் உள்ள சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன என்றால், முதலில் ஏல விதிகளை வாங்கிப் படியுங்கள், ஏனென்றால் கேட்ட விலை வேறு, கட்டும் விலை வேறு. 3,000 ராண்டுக்குக் கேட்டு, கமிஷன் 10 சதவீதம், எல்லாவற்றுக்கும் 15 சதவீத வாட் என்றால் 3,795 ஆகிவிடும். லாரி வாடகை தனி. சுத்தியல் விழும்வரை கேட்ட விலையை வேண்டாம் என்று விலக்கிக்கொள்ளலாம், 2008 நுகர்வோர் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. விழுந்தபின் அறை உங்கள் தலையில்.

டார்ச் கொண்டு போங்கள். வாசலில் நின்றுதான் பார்க்க விடுவார்கள் என்றால், சுவர் ஓரத்து ஈரக்கறையைப் பாருங்கள். நம்மூர் ஈரக்காற்றில் மெத்தையும் சோபாவும் பூஞ்சை பிடித்தே கிடக்கும்.

நான் எடுத்த ஒரு அறையில், பழைய பேப்பரில் சுற்றிய குத்துவிளக்கும் அதன் அடியில் ஒரு கல்யாண ஆல்பமும் இருந்தன. விளக்கு விலை போகும், சரி, ஆல்பத்தை வைத்து என்ன செய்வது? போட்டோ, அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாவற்றையும் கிடங்கு அலுவலகத்தில் கொடுத்து உரியவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். துப்பாக்கி கிடைத்தால் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள். அப்புறம், இதையே தொழிலாக்கி விற்பதென்றால் பழைய பொருள் வியாபாரியாகப் போலீசில் பதிவு செய்ய வேண்டும்.