ஆணியைப் பிடுங்காமல் பேலட் பலகையில் ஒரு பெட்டி

சரக்கை அடுக்கித் தூக்கப் பயன்படும் மரத்தட்டான பேலட்டை, பழையதாகக் கிடைக்கும்போது பிரிக்க முற்படுபவர்களில் பலர் முதல் நாளிலேயே சலித்துப்போவதற்குக் காரணம், அதில் அடிக்கப்பட்டிருக்கும் ஆணிதான். சாதாரணக் கம்பி ஆணியைப்போல வழவழப்பாக இல்லாமல், உடம்பில் வளையங்களோ முறுக்கோ கொண்டதாக அது இருப்பதால், கடப்பாரையால் நெம்பும்போது ஆணி அசைவதற்கு முன்பே பலகையின் முனை பிளந்துவிடுகிறது. எனவே இங்கு விளக்கப்படும் முறையில் ஆணியைப் பிடுங்கும் வேலையே இல்லை. ஆணியில்லாத பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அந்த நீளத்துக்குள் அடங்கும் ஒரு பொருளைச் செய்கிறோம்.

பரவலாகக் கிடைக்கும் ஐரோப்பிய அளவு பேலட்டை எடுத்துக்கொள்வோம். அது 1200 மி.மீ. நீளமும் 800 மி.மீ. அகலமும் கொண்டது, ஒன்பது மரக்கட்டைகளின்மேல் 22 மி.மீ. தடிமனுள்ள பலகைகள் அறையப்பட்டிருக்கும். அவற்றுள் சில 145 மி.மீ. அகலமும் சில 100 மி.மீ. அகலமும் உடையவை. நீளவாட்டில் கட்டைகள் இரு முனைகளிலும் நடுவிலும் அமைந்திருப்பதால், ஒவ்வொரு நீளப் பலகையிலும் ஆணியே இல்லாத இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 380 மி.மீ. நீளத்தில் கிடைக்கும். கருவிகளோ புத்தகங்களோ வைக்கத்தக்க ஒரு பெட்டிக்கு இந்த நீளம் போதுமானது. நல்ல நிலையிலுள்ள இவ்வகைப் பேலட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும் உடைமை என்பதால், உடைந்து கழிக்கப்பட்டதையே கேட்டு வாங்க வேண்டும். நீலம், சிவப்பு போன்ற நிறங்களில் முழுவதும் வண்ணம் பூசப்பட்டவை பெரும்பாலும் வாடகை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. அவற்றைத் தொடாதிருப்பது நல்லது.

தேர்வில் அவசரம் கூடாது. நாடு கடந்து செல்லும் மரப் பொதிகளுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதியின்படி, பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்துடன் ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடங்கள் சூடாக்கப்பட்டது என்று பொருள். அது நமக்கு ஏற்றது. ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால், பூச்சிகளைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு செலுத்தப்பட்டிருக்கிறது, அதை ஒதுக்கிவிடுங்கள். முத்திரையே இல்லாதது உள்நாட்டுப் பயன்பாட்டுக்கானதாக இருக்கலாம், அதனாலேயே அது கெட்டதாகிவிடாது. ஆனால் எந்த முத்திரையும் அந்தப் பேலட்டின்மேல் பின்னால் எது கொட்டியது என்பதைச் சொல்லாது. எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ பூஞ்சையோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம். முத்திரை எதுவானாலும் உணவு நேரடியாகப் படும் பொருளை இந்த மரத்தில் செய்ய நான் பரிந்துரைக்கமாட்டேன்.

குறுக்குப் பலகையின் உள்விளிம்பிலிருந்து சில மி.மீ. தள்ளிக் கோடிட்டு, கை ரம்பத்தாலோ, ஜிக்சா என்ற சிறிய மின்ரம்பத்தாலோ அறுக்கவும். பழுதுபார்த்தபோது யாரேனும் வேறிடத்தில் ஆணி அடித்திருக்கலாம் என்பதால், இழைப்புளியை எடுப்பதற்கு முன் வலுவான காந்தத்தைப் பலகையின்மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யச் சோம்பியதால் நான் இழந்தது, தீட்டி ஒரு நாள்கூட ஆகாத ஓர் இழைப்புளி அலகு. துண்டுகளுக்கு இடையில் குச்சிகளை வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கிக் காயவிடுங்கள். ஒரு துண்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம். ஈரப் பலகையில் செய்த பெட்டி பின்னர் சுருங்கி, இடுக்கு விடும்.

பெட்டியின் பக்கங்களுக்கு 360 மி.மீ. நீளத்தில் அகலப் பலகை இரண்டு, குறுகிய பலகை இரண்டு. தலைப்புகளுக்கு, அதாவது பெட்டியின் இரு முனைச் சுவர்களுக்கு, 300 மி.மீ. நீளத்தில் அதேபோல் நான்கு. அடிப்பகுதிக்கு 344 மி.மீ. நீளத்தில் அகலமானது ஒன்று, குறுகியவை இரண்டு. மிஞ்சிய ஓர் அகலப் பலகையை நீளவாட்டில் கிழித்தால் 30 மி.மீ. அகலச் சட்டங்கள் நான்கு கிடைக்கும். அவற்றை 245 மி.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளவும்.

இந்தச் சட்டங்கள்தாம் பெட்டியின் உயிர். பலகையின் வெட்டுமுனையில், அதாவது நாரின் போக்கிலேயே இறங்கும் திருகாணி எளிதில் கழன்றுவிடும். நாருக்குக் குறுக்கே இறங்குவதே பிடித்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு தலைப்பிலும் ஓர் அகலப் பலகையையும் ஒரு குறுகிய பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, இரு ஓரங்களிலும் உட்புறமாகச் சட்டத்தை விளிம்போடு விளிம்பாக வைத்து, 40 மி.மீ. திருகாணியால் முடுக்குங்கள். பிறகு பக்கப் பலகைகளைத் தலைப்பின் ஓரத்தை மூடும்படி வைத்து, வெட்டுமுனையைத் தவிர்த்து, சட்டத்துக்குள் இறங்குமாறு திருகாணியைச் செலுத்த வேண்டும். எல்லா இடங்களிலும் முதலில் 3 மி.மீ. துளை இடுவது அவசியம். காய்ந்த பைன் மரம் துளையின்றி முடுக்கினால் ஓரத்தில் விரிந்துவிடும். முழுவதும் முடுக்குவதற்கு முன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாக வரும்வரை பெட்டியைத் தள்ளிச் சரிசெய்யுங்கள்.

அடிப்பலகைகளைக் குறுக்காகப் பரப்பி, இடையில் சுமார் 7 மி.மீ. இடைவெளி விட்டு, பக்கச் சுவரின் கீழ்விளிம்பில் 50 மி.மீ. திருகாணியால் பொருத்தவும். கைப்பிடி வேண்டுமானால், தலைப்பின் மேற்பலகையில் ஒன்றுக்கொன்று 90 மி.மீ. தள்ளி இரண்டு 30 மி.மீ. துளைகளிட்டு, நடுப்பகுதியை அறுத்தெடுத்து, உள்விளிம்பை அரத்தால் உருட்டிவிட்டால் போதும்.

உப்புத்தாளில் 80 எண்ணில் தொடங்கி 120 எண்ணில் நிறுத்திக்கொள்ளலாம்; தேய்க்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும். விளிம்புகளை மட்டும் கூடுதலாகத் தேய்க்கவும், ஏனெனில் சிராய் ஏறுவது அங்கேதான். ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக இருமுறை பூசி, இரண்டுக்கும் இடையே நன்றாக உலரவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எனவே அதைத் திறந்தவெளியில் விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.