மறுசுழற்சிச் சங்கத்தின் வட்டாரப் பிரதிநிதியாகப் பணியாற்ற விரும்புவோருக்கு

தமிழ்நாட்டில் மாநில அளவில் இயங்கும் மறுசுழற்சிச் சங்கம் ஒன்றின் வட்டாரப் பிரதிநிதியாகத் தொண்டாற்ற முன்வருவோர் பலர், மேடையில் பேசுவதும் பள்ளிகளில் விழிப்புணர்வு முகாம் நடத்துவதுமே முதன்மையான வேலை என்று எண்ணுகிறார்கள். அவையும் வேண்டியவைதான். ஆயினும் தங்கள் ஊரில் அட்டையும் பால் கவரும் என்ன விலைக்குப் போகின்றன, எந்தப் பொருளை எவரும் வாங்குவதில்லை, ஏன் வாங்குவதில்லை என்பவற்றைச் சங்கத்தின் செயற்குழுவுக்குச் சரியாகத் தெரிவிப்பதே இப்பொறுப்பின் உயிர்நாடி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பொறுப்பை ஏற்குமுன் சங்கத்தின் துணைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற சங்கமெனில் அவை கட்டாயம் இருக்கும். பதவிக்காலம் எவ்வளவு, பயணச் செலவை யார் ஏற்பது, சங்கத்தின் பெயரால் நகராட்சியிடமோ செய்தியாளரிடமோ நீங்களே பேசலாமா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்களோ உறவினரோ பழைய பொருள் வணிகத்தில் இருந்தால் அதையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

முதல் மூன்று மாதங்களைப் பொருள் போகும் வழியைத் தெரிந்துகொள்வதற்கென்றே ஒதுக்குங்கள். வீட்டு வாசலில் தூய்மைப் பணியாளரின் வண்டியில் ஏறும் குப்பையில் எது காயலான் கடைக்குப் போகிறது, அங்கிருந்து எந்த மொத்த வியாபாரியிடம், எந்த ஊர் ஆலைக்குப் போகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கடைக்காரருக்கு வேலை நெருக்கடி இல்லாத நேரத்தைக் கேட்டுக்கொண்டு போய், ‘அண்ணே’ என்று அழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கிலோ விலையில் தொடங்கினால் பேச்சு தானாக வளரும். முதல் நாளே உரிமம், ரசீது என்று கேட்டால் அதிகாரி வந்திருப்பதாக நினைத்து வாயை மூடிக்கொள்வார். பிளாஸ்டிக் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பதை அவர் குளிர்பானம் வரும் பெட் பாட்டில், பால் கவர், குடம், பக்கெட் எனத் தனித்தனியாகப் பிரித்துத் தனித்தனி விலை சொல்வார். சிப்ஸ் பாக்கெட்டைத் தொடமாட்டார். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் பிரிக்க முடியாதபடி ஒட்டிய அடுக்குகளுக்குக் கடையில் விலை இல்லை, அவற்றில் ஒரு பகுதி அரியலூர் போன்ற இடங்களின் சிமெண்ட் ஆலை உலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. மழைக்காலத்தில் நனைந்த அட்டைக்கு ஈரத்துக்கென்று எடையைக் கழிப்பார்கள் என்பதும் இப்படிக் கேட்டால்தான் தெரியவரும். குப்பை சேகரிக்கும் அக்காமார்களிடம் ஊசி, கண்ணாடிச் சில்லு, டயப்பர் ஆகியவற்றால் நேரும் துன்பங்களைக் கட்டாயம் கேளுங்கள். இந்தத் தொழிலின் பாரத்தில் பெரும்பகுதி அவர்கள் கைகளில்தான் இருக்கிறது.

ஒரு வட்டாரத்தின் குறை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு நீலகிரி சான்று. உடைந்த மதுப்பாட்டில்கள் காட்டில் யானை உள்ளிட்ட விலங்குகளைக் காயப்படுத்துவது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்குச் சென்றதையடுத்து, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்ததும் அந்தத் தொகையைத் திரும்பக் கொடுக்கும் திட்டம் 2022இல் டாஸ்மாக் கடைகளில் அங்கே தொடங்கியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது.

விதிகளை முழுதாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆனால் நடப்பிலுள்ள வடிவம் கையில் இருக்கட்டும். கழிவு சேகரிப்போரை உள்ளாட்சிகள் அங்கீகரித்துத் தம் பணியில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. அடையாள அட்டையும் கையுறையும் கேட்கும்போது அந்த வரி துணை நிற்கும். கடைகளின் பின்புறம் செம்புக்காக மின்கம்பியை எரிப்பதைக் கண்டால் உடனே புகார் எழுதிவிடாதீர்கள். அந்தப் புகையின் நஞ்சை முதலில் சுவாசிப்பவர் எரிப்பவரே என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லி, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளர் எவர் அதை வாங்குவார் என்று தேடிக் கொடுங்கள். மாற்று வழி காட்டிய பிறகும் தொடர்ந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

ஊர்ப்புறங்களில் கோரிக்கை வைக்கச் சிறந்த இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை போதும். மழையில் நனையாமல் அட்டையை அடுக்க ஒரு கொட்டகை என்பதுபோல் அது சிறியதாகவும் இடம், அளவு, செலவு குறித்ததாகவும் இருந்தால் தீர்மானத்தில் ஏறும்.

மாதந்தோறும் செயற்குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சென்ற மாத விலை, இம்மாத விலை, தேங்கிக் கிடக்கும் பொருள், சங்கத்தால் ஆகவேண்டிய ஒரு காரியம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். வந்த பதிலைக் கடைக்காரரிடமும் சேகரிப்போரிடமும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், முடியாது என்ற பதிலாக இருந்தாலும். பொறுப்பு முடியும்போது குறிப்பேட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்து, ஒரு நாளாவது அவரையும் கூட்டிக்கொண்டு அதே கடைகளுக்குப் போய் அறிமுகம் செய்துவையுங்கள்.