நடைக்குழுவில் சேர்வதும் முதல் நடைக்கு ஆயத்தமாவதும்

நாட்டுப்புறப் பாதைகளில் சேர்ந்து நடக்கும் குழுக்களைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். வழிநடத்திச் செல்பவருக்கு ஊதியம் கிடையாது. நடைக்குச் சில நாள்களுக்கு முன்பே அதே பாதையில் ஒருமுறை நடந்து, எங்கே சேறு, எந்த வேலி அடைபட்டிருக்கிறது, எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பார்த்துவிட்டு வருபவர் அவர். அப்படிப் போயும் அவரால் பார்த்துவர முடியாதது, புதிதாக வந்து சேரும் உங்களுடைய கால்களின் திறன். ஆகவே ஆயத்தத்தில் பாதி, உங்கள் திறனை நீங்களே சரியாகக் கணித்து, அதை ஒளிக்காமல் அவரிடம் சொல்வது; ஷூ, பை முதலியவை மீதிப் பாதி.

குழுவைத் தேடும்போது உள்ளூர் நூலகத்தின் அறிவிப்புப் பலகை, முகநூல், ஏற்கெனவே நடந்துவரும் தெரிந்தவர் என்று எந்த வழியில் தொடங்கினாலும், அந்தக் குழுவின் அடுத்த இரண்டு மாத நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வார நாள்களில் நடப்பவர்கள், குழந்தைகளை அழைத்து வருபவர்கள், பறவைகளையும் செடிகளையும் பார்க்க நின்று நின்று போகிறவர்கள், நாள் முழுக்க வேகம் குறையாமல் போகிறவர்கள் என்று குழுக்களின் சுபாவம் பலவகைப்படும். அது நிரலிலேயே தெரிந்துவிடும். சந்தா கட்ட அவசரப்பட வேண்டாம். 1935-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் ராம்ப்ளர்ஸ் என்ற நடையாளர் அமைப்பைச் சேர்ந்த குழுக்கள்கூடப் புதியவர்களைச் சில நடைகளுக்கு விருந்தினராக வரவிட்ட பிறகே உறுப்பினராகச் சொல்கின்றன. உறுப்பினராகும்போது, குழுவுக்குக் காப்பீடு இருந்தால் அது உங்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் பொருந்துமா, அல்லது பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிரலில் ‘எளிது’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிக் கிளம்புவது சரியன்று, ஏனெனில் பல ஆண்டுகளாக நடப்பவர் எளிது என்பது புதியவருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைவையும், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 12 கிலோமீட்டர் தொலைவும் 400 மீட்டர் ஏற்றமும் உள்ள நடைக்கு இக்கணக்கின்படி 3 மணி 4 நிமிடம் ஆகும். இதில் ஓய்வு சேரவில்லை, சேறும் சேரவில்லை, இருபது பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரு வேலியைத் தாண்டும் நேரமும் சேரவில்லை. எனவே குழுவாக நடக்கும்போது நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. முதல் நடைக்கு, நீங்கள் தனியாகச் சிரமமின்றி நடக்கும் தொலைவைவிடச் சற்றுக் குறைந்ததையே தேர்ந்தெடுப்பது நல்லது.

தேர்ந்தெடுத்த பிறகு வழிநடத்துபவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். ‘எனக்கு நடக்கப் பிடிக்கும்’ என்பது அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. ‘சமதளத்தில் 8 கிலோமீட்டர் வரை நடப்பேன், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் இடது முழங்கால் வலிக்கும்’ என்று சொன்னால் அந்த நடை உங்களுக்கு ஆகுமா என்பதை அவர் உடனே சொல்லிவிடுவார். ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய், கடும் ஒவ்வாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் சொல்லி, மருந்து பையின் எந்த அறையில் இருக்கும் என்பதையும் தெரிவியுங்கள். இயலாமற்போனால் நடுவழியில் விலகிச் சாலைக்குப் போக இடம் உண்டா, வழியில் கழிப்பறை உண்டா, நாயை அழைத்து வரலாமா என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம்.

உடலைப் பழக்க மூன்று நான்கு வாரம் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடந்து, கடைசி வாரத்தில் ஒருநாள், போகவிருக்கும் தொலைவில் மூன்றில் இரண்டு பங்கையாவது, அன்று சுமக்கப்போகும் அதே பையுடன் நடந்துவிடுங்கள். சமதளத்தில் மட்டும் பழகியவர்களைத் தொல்லைப்படுத்துவது பெரும்பாலும் ஏற்றமன்று, இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசைகள் நீண்டபடியே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், வலி அன்றே தெரியாமல் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வந்து சேரும். படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகுவது இதற்கு நல்ல பயிற்சி.

செலவு செய்வதென்றால் முதலில் ஷூவுக்குச் செய்யுங்கள்; மற்றவற்றை வீட்டில் இருப்பதைக் கொண்டே சமாளித்துவிடலாம். நாள் ஏற ஏறக் கால் சற்று வீங்கும் என்பதால் மாலையில் போய், நடைக்கு அணியப்போகும் சாக்ஸையே மாட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் விரல் நுனிக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையேல் இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் நகம் முன்பக்கத்தில் இடித்து, வீடு திரும்பும்போது கறுத்திருக்கும். குதிகால் மேலே எழும்பி வழுக்கினால் எவ்வளவு விலையுயர்ந்த ஷூவானாலும் அது உங்களுக்கு உரியதன்று. புதிய ஷூவை நடையன்று முதன்முதலாக அணியாதீர்கள். பருத்திச் சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறச் செய்யும். கம்பளி அல்லது செயற்கை இழை கலந்தது ஏற்றது. நடக்கும்போது குதிகாலில் ஓரிடம் சூடாக உரசுவதுபோல் தோன்றினால், ‘அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாமல் உடனே நின்று, சாக்ஸைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்குக் கூச்சப்பட்டால், கொப்புளம் உடைந்த பிறகு முழுக் குழுவும் உங்களுக்காக மெதுவாக நடக்க நேரும்.

உடையிலும் பருத்தியைத் தவிர்ப்பது நல்லது, குறிப்பாகக் குளிர் காலத்தில். நனைந்த பருத்தி எளிதில் காயாது, உடல் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஒரே தடித்த மேலாடையைவிட மெல்லியவை இரண்டு மூன்றும் அவற்றின் மேல் ஒரு மழைக்கோட்டும் வசதியானவை. 20 முதல் 25 லிட்டர் கொள்ளும் முதுகுப்பை ஒருநாள் நடைக்குப் போதும். மழை வந்தால் தைத்த இடங்களின் வழியாக நீர் உள்ளே இறங்கும் என்பதால், உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் பொருள்களை வையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் அதற்கும் மேல்; உணவு, உலர்ந்த மேலாடை ஒன்று, சிறு டார்ச், பிளாஸ்திரி, சொந்த மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் எழுதிய அட்டை. ஒரு விசிலும் இருக்கட்டும். ஆல்ப்ஸ் மலைகளிலும் பிரிட்டனிலும், ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது உதவி கேட்கும் அடையாளம். மூன்று முறை ஊதுவது அதற்கான பதில்.

வழியை வழிநடத்துபவர் பார்த்துக்கொள்வார் என்றாலும் வரைபடத்தை ஒருமுறை பார்த்து வைப்பது பயன்தரும். 1:25,000 அளவு வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தானது. போன் சிக்னல் இல்லாத இடங்களுக்காக வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

அறிவிப்பில் உள்ள நேரம் நடை தொடங்கும் நேரம். ஷூ கயிறு கட்டவும் பெயரைப் பதியவும் கால் மணி முன்னதாகப் போக வேண்டும். வர இயலாவிட்டால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். நடையில் வழிநடத்துபவரை முந்தாமலும், கடைசியில் வருவதற்கென்றே நியமிக்கப்பட்டவருக்குப் பின்னால் தங்காமலும் இருப்பது எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான ஒழுங்கு. சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் அந்தக் கடைசி நபரிடம் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். சொல்லாமல் ஒதுங்கியவரைத் தேடியே பல நடைகள் தாமதமாகின்றன. திறந்திருந்த வாயிற்கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றுடன் நிற்கும் மாடுகளுக்கு நடுவே புகாமல் சுற்றிப் போக வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். களைப்புத் தட்டத் தொடங்கும்போதே வழிநடத்துபவரிடம் சொல்லிவிட்டால் வேகத்தைக் குறைக்கவோ ஓய்வை முன்னதாக வைக்கவோ அவரால் முடியும். கால் முற்றிலும் ஓய்ந்த பிறகு சொன்னால் அவருக்கு அதிக வழிகள் இரா.

வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் கூடாது. பின்னர் அந்த இடத்தில் சிவப்புப் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். அடுப்பருகில் வைத்தால் தோலும் பசையும் வெடித்துப்போகும். சில நடைகள் பழகிய பிறகு, வழிநடத்துபவர் அடுத்த பாதையை முன்னோட்டமாகப் பார்க்கப் போகும்போது உடன் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கு அன்று ஒரு துணை தேவைப்படும்.